திறக்காத பொட்டலம்

பிறருடைய பைகளுக்குள் பார்ப்பது என் தொழில். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணிகளின் கைப்பைகள் இயந்திரத்துக்குள் போகும்போது அவற்றின் வயிற்றுக்குள் இருப்பதைத் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். கருவாட்டை எத்தனை சேலைக்குள் சுற்றினாலும் எனக்குத் தெரிந்துவிடும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அதை நம்பாதீர்கள். மடியில் ஒன்றுமே இல்லாதவர்கள்தான் எங்கள் வரிசையில் அதிகம் வியர்க்கிறார்கள்.

இந்த வேலை என் குணத்தைக் கெடுத்துவிட்டது என்று மனைவி சொல்வாள். குணம் முதலே இருந்தது, வேலை அதற்கு யூனிபோர்ம் மாட்டிவிட்டது என்பது என் கருத்து. பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை வழக்கத்துக்கு முன்பே வெளியே வைத்தால்கூட எனக்கு ஏன் என்று தெரிய வேண்டும். ஆனால் கேட்க மாட்டேன். கேட்டால் பதில் வந்துவிடும், பிறகு சந்தேகப்பட ஒன்றும் மிஞ்சாது. அந்தக் குணத்தால் என் இருபது வருடச் சிநேகிதனுக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் எங்களுக்கு ஒரு நாடகக் குழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு வாடகை மண்டபத்தில் கூடுவோம். யாராவது இறைச்சியோ மீனோ வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவருவார்கள், அதைத் தின்று முடிய ஒத்திகை தொடங்கும். இயக்குநர் மலேசியத் தமிழர். இளவயதில் படிக்க வந்து, கணக்காளராக வேலை பார்த்து, ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டவர். மற்ற எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். நாங்கள் சண்டை பிடிக்கும்போது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

என் சிநேகிதன் சவுத்தாலில் இருந்தான். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து, வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை செய்தான். வெண்கலக் குரல். கதாநாயகன் என்றால் அவன்தான், அதை யாரும் மறுத்துக் கேட்டதில்லை. நான் காவல்காரன், தூதுவன், இரண்டாவது மந்திரி. ஒருமுறை மரம். வசனமில்லாத மரம். எங்கள் மகள் பிறந்த அன்று என்னையும் மனைவியையும் தன் வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான் என்பதால், எனக்கு உள்ளே புகைந்ததை நான் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அந்த வருடம் இயக்குநர் ஒரு பழைய ஆங்கிலத் துன்பியல் நாடகத்தைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்தார். அதன் பெயரை மேடைக்காரர்கள் அரங்குக்குள் உச்சரிக்க மாட்டார்களாம், ஏதாவது விபரீதம் நடக்குமாம். அவர் பகிடியாகத்தான் சொன்னார். எங்கள் ஆட்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். பொழுதுபட்ட பிறகு பாம்பைக் கயிறு என்று சொல்வது போல, அதை எல்லோரும் 'அந்த நாடகம்' என்றே சொன்னோம். எனக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

கதை இதுதான். மூன்று சூனியக்காரிகள் ஒரு தளபதியிடம் நீ அரசனாவாய் என்று சொல்கிறார்கள். சும்மா இருந்திருந்தாலும் ஆகியிருப்பானோ என்னவோ, அவனுக்குப் பொறுமை இல்லை. மனைவிக்கு அதைவிட இல்லை. அரசனைக் கொன்று அரசனாகிறான். பிறகு எல்லாம் தெரிந்த சிநேகிதன் மேல் சந்தேகம் வந்து அவனையும் கொல்விக்கிறான். அந்தச் சிநேகிதன் ஆவியாக விருந்துக்கு வந்து கதிரையில் உட்காருகிறான்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றார் இயக்குநர். "இந்தச் சூனியக்காரிங்க யாரையும் ஒண்ணும் செய்யல. சும்மா ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போறாங்க. மிச்சம் எல்லாத்தையும் இவனே செய்யறான்."

அந்தத் தளபதி எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். ஐம்பத்திரண்டு வயது. இனி எப்போது? அடுத்த ஞாயிறு வாய்விட்டுக் கேட்டேன். சிநேகிதன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "எனக்கும் ஆசைதான் மச்சான், மறைக்க என்ன இருக்கு" என்றான்.

நிர்வாகத்தில் எட்டுப் பேர். நாலு பேர் எனக்கு, நாலு பேர் அவனுக்கு. இயக்குநர் வாக்குப் போட மறுத்துவிட்டார். "யாழ்ப்பாணத்துச் சண்டையில நான் நுழைய மாட்டேன் லா" என்றார். மூன்று ஞாயிறு ரோல்ஸ் மட்டும்தான் முடிந்தது, ஒத்திகை தொடங்கவில்லை.

கடைசியில் ஒரு அக்கா வழி சொன்னார். முதல் சூனியக்காரியாக நடிக்க இருந்தவர், வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலில் மாலை கட்டுகிறவர். "என்னத்துக்கு இந்த அடிபாடு? அம்மாளைக் கேப்பம். பூக் கட்டிப் பாப்பம்."

பூக் கட்டிப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொதிந்து நூலால் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் தெய்வத்தின் பதில். கலியாணத்துக்கும் வீடு வாங்கவும் பார்த்திருக்கிறோம். நாடக வேஷத்துக்குப் பார்த்தது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். இயக்குநர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

வெள்ளை எனக்கு, சிவப்பு அவனுக்கு. பூக்களை நான் வாங்குவதென்றும், ஒரு சுமங்கலி கட்ட வேண்டும் என்றும் அக்கா சொன்னார். யார் கட்டுவது என்று அடுத்த சண்டை ஆரம்பிக்கும் முன் சிநேகிதனே சொன்னான்: "தங்கச்சி கட்டட்டும். அவவைவிட நம்பிக்கையான ஆள் ஆர் இருக்கினம்?"

தங்கச்சி என்று அவன் சொன்னது என் மனைவியை.

வியாழன் மாலை கடையில் ஒற்றைச் சிவப்பு ரோஜாவும் ஒரு கட்டு வெள்ளைச் செவ்வந்தியும் வாங்கி வந்து குசினியில் சமையல் மேசை மேல் வைத்தேன். வெள்ளி காலை நான் ஷிப்டுக்குப் புறப்படும்போது மனைவி என் சாப்பாட்டுப் பெட்டியை மூடி, வழக்கம்போல் அதற்கு மேல் ஒரு ரப்பர் பாண்டையும் மாட்டித் தந்தாள்.

"இந்த முறையாவது உங்களுக்குக் கிடைக்க வேணும் அப்பா" என்றாள். "எத்தினை வருசத்துக்குக் கதவு திறக்கிற வேஷம்?"

அந்தச் சொல்லை நான் ரயில் பயணம் முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பின்னேரம் வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். மனைவி கட்டி அக்காவிடம் கொடுத்துவிட்ட இரண்டு பொட்டலங்களும் தட்டத்தில் இருந்தன. வாழையிலைத் துண்டில் பொதிந்து, வெள்ளை நூலால் நாலு சுற்று. ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. ஐயர் தீபம் காட்டினார். யாரோ ஒருவருடைய ஐந்து வயது மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். அக்கா நூலை அவிழ்த்தார்.

வெள்ளை.

சிநேகிதன் என் தோளில் தட்டினான். "அம்மாளாச்சியே தந்திட்டா. இனி வடிவாச் செய்" என்றான். அவன் முகத்தில் ஏமாற்றம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தட்டியது உண்மையான தட்டல்.

மற்றப் பொட்டலத்தைத் திறக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் போட வேண்டும் என்றார் ஐயர். அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவனும் சிநேகிதன்தான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் கால்வாய் இருந்தது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். ஜன்னல் ஓரத்தில், ஒரு கண்ணாடிக் குவளையில், அந்தச் சிவப்பு ரோஜா நின்றது.

நான் வாங்கிய அதே ரோஜா. ஓர் இதழின் விளிம்பு கறுத்திருந்தது, அதைக் கடையிலேயே கவனித்திருந்தேன். ரோஜா இங்கே என்றால், கோயில் தட்டத்தில் இருந்த இரண்டாவது பொட்டலத்துக்குள் என்ன இருந்தது? மேசையில் செவ்வந்திக் கட்டுக் கிடந்தது. எத்தனை பூ வாங்கினேன் என்று நினைவில்லை. கத்தரித்த காம்புகள் சிலவும் கிடந்தன.

இரண்டுக்குள்ளும் வெள்ளையை வைத்தால் எந்தக் குழந்தை எதை எடுத்தாலும் வெள்ளைதானே.

மனைவி உள்ளே வந்தாள். "கிடைச்சுதாமே. அக்கா போன் எடுத்துச் சொன்னவ" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் ரோஜாவைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். மேசையில் கிடந்த காம்புகளைக் கூட்டி அள்ளினாள். நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு எத்தனையோ நாள் எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தேன். அவளைப் புண்படுத்தக் கூடாது, சாமி விஷயம், நடந்தது நடந்துவிட்டது. ஒன்றும் உண்மையில்லை. கேட்டால் அவள் ஓம், மாத்தினனான் என்று சொல்லிவிடுவாள், ஓம் என்றால் வேஷத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இன்னும் வெட்கக்கேடு, அன்று எனக்கு அவள் மேல் ஒரு தனிப் பாசம் வந்தது. எனக்காக அம்மனையே ஏமாற்றியிருக்கிறாள் என்று.

பாசம் ஒரு வாரம்தான் நின்றது. பிறகு இன்னொன்று தொடங்கியது. அம்மனையே ஏமாற்றியவள் என்னை எதில் ஏமாற்றமாட்டாள்? ஒரு வெள்ளிக்கிழமை விரத நாளில் அவள் நீட்டிய சாப்பாட்டுப் பெட்டியை வாங்காமல், "இதுக்குள்ள முட்டை கிட்டை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டேன். இருபத்தாறு வருடத்தில் அப்படிக் கேட்டதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "திறந்து பாருங்கோவன்" என்றாள். நான் திறக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

ஒத்திகைகள் நடந்தன. சிநேகிதனுக்குக் கொல்லப்படும் நண்பனின் வேஷம். ஆவியாக வருவதும் அவன்தான். ஒத்திகை முடிந்து என்னை வீட்டில் விடுவது அவன் வழக்கம். மூன்றாவது ஞாயிறு வானில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே, சின்னப் பிள்ளையார் சிலைக்குப் பக்கத்தில், அந்தப் பொட்டலம் இருந்தது. இலை காய்ந்து பழுப்பாகியிருந்தது. நூல் அப்படியே இருந்தது.

"ஏன் மச்சான், அதை இன்னும் தண்ணியில போடேல்லையோ?" என்று கேட்டேன்.

"போடுவம், போடுவம். அதுக்கு என்ன அவசரம்?" என்றான். சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். ஏன் வைத்திருக்கிறான்? திறந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டியிருப்பானோ? நாடகத்தன்று எல்லோர் முன்னாலும் அவிழ்ப்பதற்கோ? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான், ஆனால் அந்தக் குறுகுறுப்பு எப்போதும் அடுத்தவன் நெஞ்சில்தான் கேட்கிறது. அவன் ஒத்திகையில் வசனம் பேசும்போது என் கண்ணைப் பார்த்துப் பேசினால் ஏன் பார்க்கிறான் என்று நினைத்தேன். பார்க்காவிட்டால் ஏன் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டே, "உனக்குப் பொருத்தமான வேஷம்தான் இது" என்றான். அன்று எனக்கு வசனம் எல்லாம் மறந்துபோயிற்று.

பிறகொரு ஞாயிறு வழியில் பால் வாங்குவதற்காக ஒரு கடைக்கு முன்னால் வானை நிறுத்திவிட்டு இறங்கினான். நான் தனியாக இருந்தேன். கை தானாகப் போயிற்று. நூலை அவிழ்க்கத் துணிவு வரவில்லை. விரல்களால் மெல்ல அமர்த்திப் பார்த்தேன். ரோஜா என்றால் கூம்பாக, நடுவில் தடிப்பாக இருக்கும். இது தட்டையாக, வட்டமாக இருந்தது. செவ்வந்தி. வடிவத்தை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்வதுதானே என் தொழில். சந்தேகம் இனி சந்தேகம் இல்லை, உறுதி.

கதவு திறந்தது. என் கை இன்னும் பொட்டலத்தின் மேல் இருந்தது.

"என்ன, அம்மாளின்ர பூவைத் தொட்டுக் கும்பிடுறியோ?" என்றான்.

"ஓம்" என்றேன். கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் நான் அதைச் செய்தேன். இயக்குநருக்குப் போன் எடுத்தேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். "அண்ணை, நான் சொன்னனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பூக் கட்டினதில பிழை நடந்தது எண்டு அவன் வெளியில கதைச்சுத் திரியிறான். கோயிலையும் பகிடி பண்ணுறான். உங்கட எழுத்தும் சரியில்லையாம்." மூன்றும் பொய். கடைசியை நான் முதலில் திட்டமிட்டிருக்கவில்லை, வாயில் தானாக வந்தது. அதுதான் அவரை அதிகம் சுட்டது என்று அவர் போனை வைத்த வேகத்தில் தெரிந்தது.

நாளைக்கு அவன் பொட்டலத்தைத் திறந்து காட்டினாலும் பொறாமையில் செய்கிறான் என்று எல்லோரும் சொல்ல வேண்டும். அதற்கான வேலி அது. இப்படி யோசிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இயக்குநர் அவனிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை, மரியாதைக்காரர். அந்தப் பாத்திரத்தைக் குறைக்கிறேன், இந்த முறை நீங்கள் ஓய்வெடுங்கள் என்று மட்டும் சொன்னாராம். கோயில் அக்காவுக்கும் கதை எப்படியோ எட்டியிருந்தது. தேர் மண்டபத்தில் அவனைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். சிநேகிதன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். கால் சப்பாத்தில் சீமெந்துத் தூள், வேலையிலிருந்து வந்திருந்தான். கதிரையில் உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"நான் ஏதோ கதைச்சனானாம். என்ன கதைச்சனான் எண்டும் சொல்லுறாங்கள் இல்லை. ஆர் சொன்னதெண்டு உனக்குத் தெரியுமோ மச்சான்?"

"எனக்கெண்டால் தெரியாது" என்றேன்.

அவன் சப்பாத்தைப் படியில் தட்டித் தூளை உதறினான். "சரி. நீ வேஷத்தைக் கவனி" என்று சொல்லிவிட்டுப் போனான். பின்னால் நின்ற மனைவி, "அண்ணை தேத்தண்ணிகூடக் குடிக்காமப் போறார். என்ன நடந்தது?" என்று கேட்டாள். வேலை கூடவாம் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதோடு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கினோம்.

நாடகம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஆவியாக நடிக்கக் கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காததால் இயக்குநர் கதிரையை வெறுமையாக விட்டுவிட்டார். "யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து நீங்க பயப்படணும் தம்பி. முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

விருந்துக் காட்சியில் நான் திரும்பி வெறுங்கதிரையைப் பார்த்தேன். அதற்கு நேர் பின்னால், சனத்துக்குள், மூன்றாவது வரிசையில் சிநேகிதன் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, மடியில் ஏதோ. பொட்டலம்தான் என்று நினைத்தேன். இப்போது எழும்புவான், அவிழ்ப்பான். மேசையைப் பிடித்துக்கொண்டு நான் அலறிய அலறலுக்கு மண்டபம் அடங்கிப்போயிற்று. பிறகு கைதட்டல். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அதில் நடிப்பு என்று சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை.

திரை விழுந்து வெளியே வந்தபோது அவன் இல்லை. எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனைவி கூட்டம் குறையும்வரை காத்திருந்துவிட்டு, கைப்பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"அண்ணை தந்திட்டுப் போனவர். அம்மாள் உங்களுக்கு வேஷம் குடுத்த நாள் பூவாம். தண்ணியில போட மனம் வரேல்லையாம். நாடகம் முடிய உங்கட கையில குடுக்க வேணும் எண்டு இவ்வளவு நாளும் பிள்ளையாருக்குப் பக்கத்தில வைச்சிருந்தவராம்."

வீட்டுக்கு வரும்வரை நான் கதைக்கவில்லை. குசினி மேசையில் வைத்து நூலை அவிழ்த்தேன். காய்ந்த இலை நொறுங்கியது. உள்ளே இருந்தது செவ்வந்திதான். ஆனால் சிவப்பு. கருஞ்சிவப்பு, காய்ந்தும் நிறம் போகாத சிவப்பு.

"ரோஜா?" என்று கேட்டேன். அந்த ஒரு சொல்லைக் கேட்க எனக்கு ஐந்து மாதம் பிடித்திருந்தது.

"எந்த ரோஜா? அண்டைக்கு நீங்கள் வாங்கினதோ?" மனைவி தேநீர்க் கேத்திலை அடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள். "ரோசாவையும் செவ்வந்தியையும் பொதிஞ்சால் ஒண்டு கூர், ஒண்டு தட்டை. தொட்டாலே தெரிஞ்சிடும். பிறகு பாத்துத்தான் எடுத்தது எண்டு உங்கட ஆக்கள் கதை கட்டுவினம். அதுதான் திரும்பக் கடைக்குப் போய் அதே அளவில சிவப்புச் செவ்வந்தி ஒண்டு வாங்கி வந்து கட்டினனான். ஒருத்தருக்கும் சந்தேகம் வரக் கூடாது எண்டு."

நான் நொறுங்கிய இலைத் துண்டுகளைக் கூட்டிச் சேர்த்தேன். அவள் திரும்பினாள். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, அடுப்பை அணைத்தாள்.

"நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?"

நான் நூலை விரலில் சுற்றினேன்.

"நான் கள்ளம் செய்தனான் எண்டு நினைச்சனீங்கள். நினைச்சுக்கொண்டுதான் வேஷத்தையும் போட்டனீங்கள்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு நான் சிநேகிதனைப் பற்றிச் சொன்ன பொய்யையும் சொன்னேன், இனி மறைக்க என்ன இருக்கிறது. எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அம்மன் எனக்கு நேர்மையாகத் தந்த ஒன்றை நான் ஐந்து மாதம் களவுப் பொருளாக வைத்திருந்தேன். களவு நடக்கவே இல்லை. ஆனால் அதை மறைக்கச் செய்தது எல்லாம் நடந்தது.

மறுநாள் சவுத்தாலுக்குப் போனேன். ஊரெல்லாம் குளியலறை கட்டிக் கொடுக்கிறவன் வீட்டுக் குளியலறை நாலு வருடமாகப் பாதியில் கிடந்தது. அன்று அதைத்தான் செய்துகொண்டிருந்தான். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரோஜா, நான் பொட்டலத்தை அமர்த்திப் பார்த்தது, இயக்குநருக்கு எடுத்த போன். அவன் திரும்பவில்லை. ஒரு டைல்ஸைச் சுவரில் வைத்து அமர்த்தி, ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தான்.

"அண்டைக்கு வானுக்குள்ள கேட்டிருக்கலாமே. இந்தா திறந்து பார் எண்டு தந்திருப்பன்."

"பயமா இருந்தது."

"என்னத்துக்கு?"

"வேஷம் போயிடும் எண்டு."

"நீ உண்மையாவே பூவை மாத்தியிருந்தாலும் நான் சிரிச்சிருப்பன் மச்சான். ரெண்டு நாள் பகிடி பண்ணிப்போட்டு விட்டிருப்பன்." அடுத்த டைல்ஸை எடுத்தான். "அக்கா கோயிலில முகத்தைத் திருப்பினதை நான் என்ன செய்யிறது?"

நான் சீமெந்து வாளியை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். டைல்ஸைப் பதித்துவிட்டு, "தங்கச்சிக்குத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"ஓம்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப நீ பயப்பட வேண்டிய ஆள் நானில்லை" என்றான்.

அங்கிருந்தே அக்கா வீட்டுக்கும் இயக்குநர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அக்கா என்னைத் திட்டினார். பிறகு அவனுக்குப் போன் எடுத்து அழுதாராம். இயக்குநர் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். "சூனியக்காரிகூடத் தேவைப்படலையே தம்பி, உங்களுக்கு" என்றார்.

சிநேகிதன் மறுபடியும் குழுவுக்கு வந்தான். அடுத்த நாடகத்தில் அவன்தான் கதாநாயகன், நான் கேட்டு வாங்கியது கதவு திறக்கிற வேஷம். என்னோடு கதைக்கிறான், பகிடியும் விடுகிறான். ஆனால் ஒத்திகை முடிந்ததும், "பஸ் வரும்தானே?" என்று கேட்டுவிட்டு வானை எடுத்துக்கொண்டு போகிறான். வரும் என்று சொல்கிறேன்.

மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் எடுக்கவில்லை. சமைக்கிறாள், சிரிக்கிறாள், மகளோடு போனில் கதைக்கும்போது என்னையும் கூப்பிடுகிறாள். நாடகத்துக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் நான் ஷிப்டுக்குப் புறப்பட்டுக் குசினிக்குப் போனபோது சாப்பாட்டுப் பெட்டி மேசையில் திறந்தபடி இருந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. மூடி பக்கத்தில், அதன் மேல் ரப்பர் பாண்ட்.

"மூட மறந்திட்டீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நீங்கள் பாத்திட்டு மூடுங்கோ" என்றாள்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. இன்று காலையும் பெட்டி திறந்துதான் இருந்தது. நான் பார்க்காமல் மூடினேன். அவள் மூடியைக் கழற்றித் திரும்ப என் முன்னால் வைத்தாள்.